கோழிப்பண்ணைக் கணக்கைக் கணிப்பொறிக்குக் கற்பித்தல்

திருப்பூர் மாவட்டத்தில் பல்லடம், பொங்கலூர், உடுமலைப்பேட்டை பகுதிகளில் கறிக்கோழி வளர்ப்பு சிறு விவசாயிகளின் முக்கிய உபதொழிலாகும். 1990களில் இங்கு வேரூன்றிய ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் தருகிறது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு விவசாயியுடையது. பேட்ச் முடிந்ததும் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கிறது. இறப்பு, எடை, தீவனச் செலவு ஆகியவற்றைப் பொறுத்து இக்கூலி ஏறி இறங்குவதுண்டு. எனவே கணக்கு வைப்பதும் கோழி வளர்ப்பின் ஒரு பகுதியே.

இதில் முதன்மையானது தீவன மாற்று விகிதம், பண்ணையில் எஃப்.சி.ஆர். என்பார்கள். ஒரு கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிலோ தீவனம் செலவாயிற்று என்பதே அது. உதாரணமாக, 2,000 குஞ்சுகளில் 100 இறந்து, மீதி 1,900 கோழிகள் சராசரி 2.1 கிலோ எடையில் பிடிக்கப்பட்டால் மொத்த எடை 3,990 கிலோ. தீவனம் 6,384 கிலோ செலவாகியிருந்தால் விகிதம் 1.60. மீந்து திருப்பி அனுப்பிய 3 மூட்டைகள், அதாவது 150 கிலோ, கழிக்கப்படாமல் விட்டுப்போனால் அதே விகிதம் 1.64 ஆகிவிடும். கோழி நன்றாக வளர்ந்திருந்தும் காகிதத்தில் மட்டும் பேட்ச் மட்டமாகத் தெரியும். நாள்வாரிக் கணக்கு கையில் இருப்பவரே இதைக் கண்டுபிடித்துக் கேட்க இயலும்.

இக்கணக்குக்கு விரிதாள் மிகவும் ஏற்றது. 1979ல் அமெரிக்காவில் விசிகால்க் என்ற பெயரில் வந்த விரிதாளின் சிறப்பே, ஓர் எண்ணைத் திருத்தினால் அதைச் சார்ந்த கூட்டல்கள் யாவும் தாமே மாறிக் கொள்வதுதான். பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால் விரிதாள் அவர்களுக்குப் பழகிய பொருளாகவே இருக்கும். அரை மணி நேரம் உடன் உட்கார்ந்து கற்றுக் கொள்ளலாம்.

முதலில் 'நாள் தாள்' ஒன்று அமைக்க வேண்டும். தேதி, வயது, இறப்பு, வந்த மூட்டை, திரும்பிய மூட்டை, தின்ற தீவனம் எனப் பத்திகள் போதும். இருப்புக் கோழி, மொத்தத் தீவனம், பிடித்த எடை, விகிதம் ஆகிய நான்கும் தாளின் மேலே ஒரே வரிசையில் வருமாறு சூத்திரம் எழுதுங்கள். இதுவரை நிரல் எதுவும் தேவையில்லை. சூத்திரத்தால் முடிகிற வேலைக்கு நிரல் எழுதுவது வீண்.

நிரல் தேவைப்படுவது பேட்ச் முடிவில். மேலேயுள்ள நான்கு எண்களை 'பேட்ச் தாள்' என்ற இரண்டாவது தாளில் ஒரு வரிசையாகச் சேர்க்க வேண்டும். ஒரு கொட்டகை மட்டும் உள்ளவர் இதைக் கையாலேயே செய்யலாம். மூன்று, நான்கு கொட்டகை உள்ளவருக்கும், பலர் கணக்கை ஒருவரே எழுதும் இடத்திலும் நிரல் உதவும்.

கூகுள் ஷீட்ஸில் 2018 முதல் 'மேக்ரோ' பதிவு வசதி உண்டு. கணிப்பொறியில் எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலைத் திறந்து, மேக்ரோஸ் பகுதியில் பதிவைத் தொடங்கி, நகல் எடுத்து ஒட்டும் வேலையை ஒருமுறை செய்து காட்டினால் அதையே நிரலாக எழுதி வைத்துக் கொள்ளும். கைப்பேசியில் தினசரி விவரம் குறிக்கலாமே தவிர, மேக்ரோ பதிவு செய்ய இயலாது.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒட்டும்போது 'மதிப்பு மட்டும்' என்ற முறையில் ஒட்ட வேண்டும். சூத்திரத்தோடு ஒட்டினால், அது நாள் தாளுக்குப் பதிலாகப் பேட்ச் தாளின் கட்டங்களையே குறித்து, விவரம் தவறாகிப் போகும். மற்றொன்று இதைவிட முக்கியமானது. ஏ2 என்ற கட்டத்தில் ஒட்டிக் காட்டினால், நிலையான முகவரியாகப் பதிவான நிரல் அடுத்த பேட்சையும் ஏ2-லேயே எழுதும். முந்தைய பேட்ச் அழிந்துவிடும். எழுதப்பட்ட நிரலைத் திறந்து பார்த்தால் அந்த 'ஏ2' கண்ணுக்குத் தெரியும். அவ்விடத்தில், பேட்ச் தாளின் கடைசி வரிசை எண்ணோடு 1 கூட்டி வரும் வரிசையில் எழுதுமாறு திருத்த வேண்டும். கடைசி வரிசையைச் சொல்லும் கட்டளைக்கு 'கெட்லாஸ்ட்ரோ' என்று பெயர். இந்த ஒரு வரியைத் தாமே திருத்தத் தெரிந்துகொண்டவர் நிரல் எழுதத் தொடங்கிவிட்டார் எனலாம். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதைவிட இவ்வழி நம் விவசாயிகளுக்கு எளிது.

நாள் தாளை அழிக்கும் வேலையை மேக்ரோவிடம் ஒப்படைக்க வேண்டாம். பழைய தாளைத் தேதியிட்டு வைத்துக் கொண்டு, புதிய நகலில் அடுத்த பேட்சைத் தொடங்குவதே பாதுகாப்பு. கொட்டகையில் தொங்கும் அட்டையையும் நிறுத்திவிடக் கூடாது. முதல் இரண்டு பேட்சுகளுக்கு அட்டைக் கணக்கு, விரிதாள், நிறுவனம் தரும் கணக்குச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கவும். வேறுபாடு இருந்தால் திரும்பிய மூட்டைகளின் ரசீதை முதலில் எடுத்துப் பாருங்கள்.