இழைக்கு வரி போட்டால் தறிக்கு வலிக்கும்

சென்னிமலையில் கைத்தறிப் பெட்ஷீட். அதே ஈரோடு மாவட்டத்தில் வீரப்பன்சத்திரம் பக்கம் விசைத்தறியில் ரேயான் துணி. மலிவுச் சரக்கு பிழைப்பைக் கெடுக்கிறது என்ற புலம்பல் இரண்டு பக்கமும் உண்டு. தட்ட வேண்டிய கதவுதான் வேறு.

கைத்தறிக்காரருக்குப் போட்டி உள்நாட்டு விசைத்தறி. அதற்கு 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. பெட்ஷீட், துண்டு, ஜமக்காளம் உட்பட 11 ரகங்கள், குறிப்பிட்ட தரவரையறைப்படி, கைத்தறிக்கு மட்டுமே உரியவை. மீறினால் சட்ட நடவடிக்கை உண்டு. கைத்தறித் துறை அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கலாம். இந்தச் சட்டம் செல்லும் என்று 1993இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

வெளிநாட்டுச் சரக்கு என்றால்தான் பொருள் குவிப்புத் தடுப்பு வரி. மலிவாக வருவது மட்டும் குற்றமல்ல. தன் நாட்டில் கிலோ 200 ரூபாய்க்கு விற்பதை இங்கே 160க்குத் தள்ளினால், அந்த 40 ரூபாய்தான் குவிப்பு. அதனால் இங்குள்ள உற்பத்தியாளருக்குச் சேதம் என்பதும் நிரூபணமாக வேண்டும். சேதத்தைச் சரிக்கட்ட 25 ரூபாய் போதுமென்றால் வரியும் 25தான். டில்லியிலுள்ள வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிடிஆர், விசாரித்துப் பரிந்துரைக்கும். வரி போடுவது நிதி அமைச்சகம். வரி பொதுவாக ஐந்தாண்டு நிற்கும், மறு ஆய்வில் நீளவும் செய்யும்.

நீண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொங்கு நாடே சாட்சி. ரேயான் நூலின் மூலப்பொருளான விஸ்கோஸ் இழை சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தபோது, 2010இல் வரி போட்டார்கள், 2016இல் நீட்டித்தார்கள். உள்நாட்டில் அந்த இழைக்குப் பெரிய உற்பத்தியாளர் கிராசிம். இறக்குமதி விலை ஏறினால் நூற்பாலை வேறு எங்கே போகும்? அந்தச் சுமை நூல் விலையில் ஏறி, கடைசியில் தறிக்காரர் தலையில் விழும். கிராசிம் தன் சந்தை ஆதிக்கத்தைப் பயன்படுத்தி நூற்பாலைகளிடம் ஆளுக்கொரு விலை வாங்கியதாகச் சொல்லி, 2020 மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம் 301.61 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2021 ஆகஸ்டில் வரியே நீக்கப்பட்டது.

ஆக, இந்த வரி யாரைக் காக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அது அதே பொருளைச் செய்பவருக்கான காப்பு. அதை வாங்கிப் பிழைப்பவருக்கல்ல. வரி கேட்பவர்கள் உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதமாவது ஆதரவு காட்ட வேண்டும். சிறு தொழில்கள் சேர்ந்தும் மனுச் செய்யலாம், கட்டணம் கிடையாது. வாங்கிப் பயன்படுத்தும் தொழில்களுக்கும் விசாரணையில் பேச உரிமை உண்டு. இதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி.

தறி உரிமையாளர் சங்கங்கள் டிஜிடிஆர் இணையதளத்தில் வரும் விசாரணை அறிவிப்புகளைக் கவனித்து, கெடு முடிவதற்குள் பெயர் பதிந்து, நூல் வாங்கிய பில்களோடு தங்கள் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவு பாதகமானால், சுங்க, கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக 90 நாள் அவகாசம் இருக்கிறது.