முளைப்பாரிக் கூடையில் ஒரு விதைப் பரிசோதனை

ஆடிப்பூரம் நட்சத்திரக் கணக்கு. தேதி ஆண்டுக்காண்டு மாறும். ஆடிப்பெருக்கு அப்படியில்லை. ஆடி 18, அவ்வளவுதான். ஆங்கிலத் தேதியில் ஆகஸ்ட் 2 அல்லது 3. காவிரித் தாய்க்கு மசக்கை என்று சொல்லி காதோலை, கருகமணி, மஞ்சள், காப்பரிசி படைத்து, வளர்த்த முளைப்பாரியைத் தண்ணீரில் விடுவது டெல்டா வழக்கம்.

எங்கள் பரங்கிப்பேட்டைப் பக்கம் இதில் ஒரு சிக்கல். ஊரை ஒட்டி ஓடுவது வெள்ளாறு, அதுவும் முகத்துவாரம். கடல் தண்ணி ஏறி இறங்குற இடம். காவிரித் தண்ணீர் எங்களைத் தொட வேண்டுமானால் மேட்டூரில் கிளம்பி, கொள்ளிடத்தில் விழுந்து, கீழணை, வடவாறு, வீராணம் ஏரி, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு என்று சுற்றி வெள்ளாற்று ராஜன் வாய்க்காலில் இறங்கணும். 2024இல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28. ஆறாம் நாள் ஆடிப்பெருக்கு. கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு கடலுக்குப் போனது. நாங்கள் குளத்தில்தான் முளைப்பாரி விட்டோம்.

தண்ணீர் நம் கையில் இல்லை. விதை நம் கையில் இருந்தது, அதுவும் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

முளைப்பாரி போடும் விதத்தைப் பாருங்கள். மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, மேலே பொடித்த தொழுவுரம், அதன்மேல் ஊறவைத்த நவதானியம். ஆடி 9, 10 வாக்கில் போட்டு இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சம் படாததால் பச்சையம் பிடிக்காது. வெளிர்மஞ்சளாக, மெலிந்து உயரும். "முளை சரியா வரலைன்னா ஊருக்கு ஆகாது"ன்னு பெண்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். ஊர் விதை முளைக்காவிட்டால் ஊருக்கு ஆகாதுதானே? சம்பா விதைப்புக்கு முன்னால் வீட்டுக்கு வீடு நடந்த முளைப்புத்திறன் சோதனை அது.

இப்போது கூடையில் விழுவது பூசைக் கடைப் பொட்டலம். எந்த ஊரில் விளைந்ததோ, எத்தனை வருடம் கிடந்ததோ. போன ஆடியில் எங்கள் தெருக் கூடைகளில் பயறு நன்றாக எழும்பியது, உளுந்து பாதிதான் வந்தது. உளுந்து விளையும் ஊரில் இந்த நிலைமை! தையில் நெல் வயலில் தெளித்து பங்குனியில் எடுக்கும் உளுந்தை மொத்தமாக வியாபாரியிடம் போட்டுவிட்டு, பூசைக்குப் பொட்டலம் வாங்குகிறோம்.

ஒரு படி உளுந்தை நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து மண்பானையில் கட்டி வைத்தால் ஆடிவரை வண்டு அண்டாது. கூடை போடும் அன்றே ஒவ்வொரு தானியத்திலும் 100 விதை எண்ணி, ஈரச்சாக்கில் தனித்தனியே சுருட்டி வையுங்கள். சான்று விதைக்கு அரசு கேட்கும் குறைந்த அளவு நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75. அதற்குக் கீழே போனால் விதையை மாற்றுங்கள், இல்லையேல் கூடுதலாகத் தெளியுங்கள். உப்பு நிலத்துக்காகக் களர்பாலை, குழியடிச்சான் வைத்திருப்பவர்கள் அவசியம் எண்ணிப் பாருங்கள். இந்த விதைகள் கெட்டுப்போனால் கடையில் போய்க் கேட்க முடியாது.

இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அத்தை சிரித்தார். "எங்க மாமியா இதத்தான் செஞ்சாங்க, பரிசோதனைன்னு பேரு மட்டும் வைக்கல" என்றார். இந்த ஆடிக்கு எங்கள் தெருக் கூடைகளுக்கு உளுந்து அவர் வீட்டுப் பானையிலிருந்துதான்.