புகை பொய், படம் மெய்

திருவனந்தபுரம் வேளியின் குட்டி ரயில், நீராவி யுகத்துக்கு யார் சாட்சி என்ற கேள்வியை எழுப்புகிறது.

புகைபோக்கி இருக்கிறது. கொதிகலன் மாதிரி உருண்டையான உடம்பும் இருக்கிறது. பார்த்தால் பாட்டன் காலத்து நீராவி என்ஜின். ஆனால் உள்ளே தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, கரி அள்ளிப்போட ஆளும் இல்லை. திருவனந்தபுரம் வேளி சுற்றுலா கிராமத்துக்காகச் செய்த இந்தக் குட்டி ரயிலை ஓட்டுவது சூரிய ஒளியில் கிடைக்கும் மின்சாரம். புகைபோக்கியிலிருந்து கிளம்புவதோ செயற்கைப் புகை.

2020 நவம்பரில் கேரள முதல்வர் பினராயி விஜயன் இதைத் தொடங்கி வைத்தபோது, நாட்டிலேயே சூரிய சக்தியில் ஓடும் முதல் குட்டி ரயில் என்று சொல்லப்பட்டது. செலவு சுமார் 10 கோடி ரூபாய். காயலும் கடலும் சேரும் இடத்தருகே இரண்டரை கிலோ மீட்டர் பாதை, மூன்று பெட்டிகள், ஒரு நடைக்கு 45 பேர். கூடவே பழைய பாணியில் ஒரு நிலையமும் சுரங்கப் பாதையும். பயணிகளை ஏற்றிச் செல்வது இப்படியொரு ரயிலுக்குப் பாதி வேலைதான். மீதிப் பாதி, கேமராவுக்கு முகம் காட்டுவது.

அசல் நீராவி இந்த நகருக்கு வந்தது இத்தனை சுலபமாக அல்ல. செங்கோட்டைக்கு மேற்கே மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளில் பாலம் கட்டி, கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1904-ல். திருவனந்தபுரத்தின் சாலைப் பகுதியை அது எட்ட 1918 ஆயிற்று. தம்பானூருக்கு வந்து சேர்ந்தது 1931-ல். 1976-ல் தலைநகரில் அகலப் பாதை வந்தது. புனலூர் - செங்கோட்டை மலைப் பாதையில் மட்டும் 2010 வரை மீட்டர் கேஜ் தாக்குப்பிடித்தது. அதற்குள் நீராவி விடைபெற்றுவிட்டது. சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி என்ஜினைக் கட்டியது 1972-ல். அகலப் பாதையில் அதன் வழக்கமான ஓட்டம் 1995-ல் முடிந்தது.

ஓடிய காலத்தில் அதைப் படம் பிடிப்பது ஒருவகை வேட்டை. நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. குளிர்ந்த காற்று பட்டு நுண்துளிகளாக மாறிய பிறகுதான் வெண்புகையாகத் தெரியும். அதனால்தான் படக்காரர்கள் விடியற்காலையையும், என்ஜின் மூச்சிரைத்து ஏறும் மேட்டையும் தேடிப் போனார்கள். கடலோர ஊரின் உச்சி வெயிலில் அந்தப் புகை கிளம்பிய வேகத்தில் கரைந்துவிடும். கறுப்பு என்ஜினோ கேமராவின் ஒளிமானியை ஏமாற்றும். கறுப்பைச் சாம்பலாக்க நினைத்து அது ஒளியைக் கூட்ட, புகை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் ஒளியைக் கொஞ்சம் குறைத்தே எடுப்பார்கள்.

குட்டி ரயிலுக்கு வேறு சூத்திரம். நின்றபடி எடுத்தால் அது பொம்மை. தரையோடு குனிந்து எடுத்தால் பூதம். பக்கத்தில் ஒரு மனிதர் நின்றால் உண்மை அளவு வெளிப்பட்டுவிடும். ஆக, அது எவ்வளவு பெரிய ரயில் என்பதைத் தீர்மானிப்பவர் படம் எடுப்பவர்தான்.

நகலைப் படம் பிடிப்பது வீண்வேலை என்பவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். 1869 மே 10 அன்று, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுவந்த இருப்புப் பாதைகள் அங்கே பிராமன்டரி என்ற இடத்தில் இணைந்தன. ‘ஜூபிடர்’, ‘119’ என்ற இரண்டு என்ஜின்கள் நேருக்கு நேர் நிற்க, ஏ.ஜே. ரஸ்ஸல் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. என்ஜின்கள் இரண்டும் பின்னாளில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. ஆண்டுதோறும் அந்த நாளை நடித்துக் காட்ட என்ஜின் வேண்டும். அசல் வரைபடங்களோ கிடைக்கவில்லை. கைகொடுத்தவை புகைப்படங்கள்தான். அவற்றிலிருந்து அளவெடுத்து வரைந்து, 1979-ல் இரண்டு என்ஜின்களும் மறுபிறவி எடுத்தன. அவை நிஜ நெருப்பில், நிஜ நீராவியில் ஓடுபவை.

ஆனால் அதே படம் ஒன்றை மறைக்கவும் செய்தது. மேற்குப் பகுதிப் பாதையில் பாறை உடைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர். கொண்டாட்டப் படத்திலோ அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2014-ல் கார்க்கி லீ என்ற புகைப்படக்காரர், சீன வம்சாவளியினரைத் திரட்டி அதே இடத்தில், அதே நகல் என்ஜின்களுக்கு முன் நிறுத்தி எடுத்த படம், 145 ஆண்டுக் கணக்கை நேர்செய்யும் முயற்சி. நகல் என்ஜின் இல்லாவிட்டால் அந்தப் படமும் இல்லை.

நம் நாட்டிலும் இரண்டு வழிகளும் உண்டு. 2023 அக்டோபர் 31 அன்று குஜராத்தின் ஏக்தா நகரில் பிரதமர் மோடி கொடியசைத்த பாரம்பரிய ரயிலுக்கு நீராவி வேஷம் போட்ட மின்சார என்ஜின். மாறாக, ஊட்டி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் கட்டித் தந்தவை புத்தம் புது நீராவி என்ஜின்கள். முதலாவது காட்சிக்கு. இரண்டாவதில் காட்சியோடு கைவேலையும் மிஞ்சுகிறது: கொதிகலன் கட்டவும், நெருப்பை அளந்து போடவும் தெரிந்த தொழிலாளர்கள்.

படம் எடுப்பவருக்குப் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. சிரிக்கும் முகத்துக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் என்ஜின் குடும்ப ஆல்பத்துக்குப் போதும். பக்கவாட்டில் முழு உருவம், சக்கரங்களை இணைக்கும் தண்டு, ஓட்டுநரின் கை, பணிமனையில் எண்ணெய் படிந்து நிற்கும் மனிதர்கள் என்று எடுத்தால், நாளைக்கு ஒருவருக்கு அதுவே வரைபடமாகலாம். செங்கோட்டைக் குகைகளை வெட்டியவர்களைப் பற்றி இன்று அப்படித்தான் ஏங்க வேண்டியிருக்கிறது: பாலங்களையும் குகை வாயில்களையும் நின்று ரசிக்கிறவர்களுக்கு அந்தக் கூலிகளின் பெயர் தெரியாது.

வேளியில் எடுக்கும் படத்துக்குக் கூடுதலாக ஒன்று தேவை. கீழே ஒரு வரி: இது நகல், புகை செயற்கை, இன்ன ஆண்டில் எடுத்தது. ஐம்பது வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளை, திருவனந்தபுரத்தில் 2020-லும் கரி வண்டி ஓடியதாக நம்பிவிடக் கூடாது அல்லவா?