வென்றது சரி, யாரை வென்றார்?

பொங்கல் சமயத்தில் சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் பக்கத்து ஊர்களில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கோப்பையோடு ஊர் திரும்பும் டீமிடம் முதலில் கேட்கப்படுவது, “ஃபைனல்ல யாரு எதிர்ல?” என்பதுதான். முதல் சுற்றில் மோதாமலே முன்னேறும் ‘பை’ கிடைத்து, வலுவான டீம்களெல்லாம் மறுபக்கத்தில் ஒன்றையொன்று வீழ்த்திக்கொள்ள, அலுங்காமல் ஃபைனலுக்கு வந்த டீமும் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் மூச்சுப் பிடித்து முன்னேறிய டீமும் உண்டு. கோப்பை ஒன்றுதான் என்றாலும் ஊர் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை.

குத்துச்சண்டை ரசிகர்களிடையே இந்த விவாதம் இன்னும் காரமாக நடக்கிறது. ஒரு சாம்பியன் தொடர்ந்து ஜெயித்தால் போதும், கடைசியாக மோதிய நான்கு பேரும் உண்மையில் தரமானவர்களா என்று ஒரு தரப்பு கேட்கும். ரிங்கில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும் என்று மறுதரப்பு பதில் சொல்லும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காரணம், தொழில்முறை குத்துச்சண்டை இயங்கும் விதம்.

சீட்டு முடிவு செய்வதும் மனிதர் முடிவு செய்வதும்

ஒலிம்பிக் போன்ற அமெச்சூர் போட்டிகளில் எதிராளியை வீரர் தேர்ந்தெடுக்க முடியாது. குலுக்கலில் யார் வருகிறாரோ அவரோடு மோத வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் நிகத் ஜரீனுக்கு நேர்ந்தது நினைவிருக்கும். 2022, 2023 என இரண்டு முறை உலக சாம்பியனான அவருக்குத் தரவரிசைச் சலுகை கிடைக்கவில்லை. இரண்டாவது மோதலிலேயே முதல் தரவரிசையில் இருந்த சீனாவின் வூ யூ எதிரே வந்தார். நிகத் தோற்று வெளியேறினார். குலுக்கல் கடுமையாக அமைந்தது என்று வருந்தலாமே தவிர, யாரும் யாரையும் தவிர்த்துவிட்டதாகக் குறை சொல்ல முடியாது.

தொழில்முறையில் இந்தச் சீட்டு மனிதர்கள் கைக்குப் போய்விடுகிறது. வீரரின் ப்ரமோட்டரும் மேலாளரும் எதிர்த் தரப்போடு பேசி, பணம், இடம், எடை, ரவுண்டு எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒப்பந்தமாக்குகிறார்கள். டிக்கெட் விற்றுத் தருபவர் யாரோ அவர் பக்கம்தான் பேரத்தில் கை ஓங்கும். வளரும் வீரருக்குத் தோல்வி விழுந்தால் முதலீடு போய்விடும் என்பதால், ஆரம்பத்தில் தோற்கடிக்கக்கூடியவர்களாகப் பார்த்தே கொண்டுவருவார்கள்.

அப்படி வந்து மோதுவதையே பிழைப்பாகக் கொண்ட வீரர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பீட்டர் பக்லி 300 தொழில்முறை போட்டிகளில் இறங்கினார். 32 வெற்றி, 12 டிரா, 256 தோல்வி. 2008-ல் கடைசிப் போட்டியை ஜெயித்து விடைபெற்றார். பின்னாளில் உலக சாம்பியனான நசீம் ஹமீத் போன்றவர்கள் வளரும் காலத்தில் அவரோடு மோதித் தேறியவர்கள். 256 முறை தோற்றவரை ‘டம்மி’ என்று ஒதுக்குவது எளிது. ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளவும், இளையவர்களுக்கு ரிங்கின் நெளிவு சுளிவுகளைக் காட்டவும் தெரியாதவரால் 300 முறை ஏறி இறங்க முடியாது.

பெல்ட் கட்டிய பிறகு விதி மாறுகிறது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என நான்கு பெரிய அமைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடைப் பிரிவிலும் தனித்தனியாகச் சாம்பியனையும் தரவரிசையையும் வைத்திருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் சாம்பியன் சந்தித்தே ஆகவேண்டிய ‘கட்டாய எதிராளி’யும் உண்டு. ஆனால் எடைப் பிரிவுகள் மட்டும் குறைந்தது 17. பெல்ட்டுகள் பெருகப் பெருக, வலுவானவரைச் சந்திக்காமலே ‘சாம்பியன்’ என்று பெயர் வாங்க வழியும் பெருகிவிட்டது.

விஜேந்தர் சிங்கின் 14 போட்டிகள்

இந்தியாவில் இந்த விவாதத்துக்குப் பொருத்தமான உதாரணம் ஹரியானாவின் பிவானியைச் சேர்ந்த விஜேந்தர் சிங். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். அங்கே அவர் சந்தித்தவர்களைப் பாருங்கள். காலிறுதியில் அவர் தோற்கடித்த ஈக்வடாரின் கார்லோஸ் கோங்கோரா, 2020-ல் ஐபிஓ என்ற அமைப்பின் சூப்பர் மிடில்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். அரையிறுதியில் விஜேந்தர் தோற்றது கியூபாவின் எமிலியோ கொரேயாவிடம். அந்தக் கொரேயாவை ஃபைனலில் இரண்டே புள்ளியில் வென்ற இங்கிலாந்தின் ஜேம்ஸ் டிகேல், 2015-ல் ஐபிஎஃப் உலக சாம்பியன் ஆனார். பெய்ஜிங் வெண்கலத்தின் தரத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை.

2015 அக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறைக்கு வந்த பிறகுதான் கேள்வி தொடங்கியது. முதல் ஆறு போட்டிகளையும் அவர் நாக் அவுட் முறையிலேயே முடித்தார். எதிராளிகள் இந்திய ரசிகர்கள் கேள்விப்படாத பெயர்கள். வளரும் வீரருக்கு அது வழக்கமான பாதைதான். 2016 ஜூலையில் டெல்லியில் கெர்ரி ஹோப்பைப் புள்ளிகளில் வென்று டபிள்யூபிஓ ஆசிய பசிபிக் பெல்ட்டைப் பெற்றார். அது பிராந்தியப் பட்டம், உலகப் பட்டம் அல்ல. ஹோப் சாதாரண ஆளும் அல்ல; 2012-ல் ஐரோப்பிய மிடில்வெயிட் சாம்பியனாக இருந்தவர். ஆனால் அது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கதை, அதுவும் ஒரு படி கீழ் எடைப் பிரிவில்.

அதற்குப் பிறகு வந்தவர்களில் நான்கு பேரைப் பார்த்தால், வெற்றி-தோல்வி எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்பது புரியும்.

தான்சானியாவின் பிரான்சிஸ் சேகா 43 போட்டி, 32 வெற்றி என்ற கணக்கோடு 2016 டிசம்பரில் டெல்லி வந்தார். மூன்றாவது ரவுண்டைத் தாண்டவில்லை. அடுத்து 2017 ஆகஸ்டில் மும்பையில் சீனாவின் 23 வயது ஜுல்பிகார் மைமைதியாலி. அனுபவத்தில் சேகாவுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார். ஆனால் அந்தப் போட்டி பத்து ரவுண்டும் போனது. நடுவர்களில் இருவர் விஜேந்தருக்குக் கொடுத்த முன்னிலை ஒரே ஒரு புள்ளி.

2021 மார்ச்சில் கோவாவில், சூதாட்டக் கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் போட்டி. 12-0 என்று தோல்வியே காணாத விஜேந்தருக்கு எதிரே ரஷ்யாவின் ஆர்ட்டிஷ் லோப்சான். அதற்கு முன் அவர் ஆடியது ஆறு தொழில்முறை போட்டிகள், வென்றது நான்கு. காகிதத்தில் பார்த்தால் சுலபமான ஆள். ஆனால் வயது 26, உயரம் ஆறடி நான்கு அங்குலம். விஜேந்தருக்கோ 35 வயது. கொரோனா காலத்தில் கிட்டத்தட்ட 16 மாதம் ரிங்கில் ஏறாதவர். ஐந்தாவது ரவுண்டில் போட்டி நிறுத்தப்பட்டது. விஜேந்தரின் முதல் தோல்வி அது.

2022 ஆகஸ்டில் ராய்ப்பூருக்கு வந்த கானாவின் எலியாசு சுல்லி, எட்டுக்கு எட்டும் நாக் அவுட் வெற்றி என்று விளம்பரப்படுத்தப்பட்டவர். இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார்.

43 போட்டி கண்டவர் மூன்று ரவுண்டில் முடிந்தார். ஆறு போட்டி கண்டவர் சாம்பியனைச் சாய்த்தார். எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. யாரை வென்று சேர்த்த எண்ணிக்கை என்பதை அது சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஜோ லூயிஸையும் விடவில்லை

ஹெவிவெயிட் பட்டத்தை 25 முறை தக்கவைத்த அமெரிக்காவின் ஜோ லூயிஸும் இந்தக் குற்றச்சாட்டுக்குத் தப்பவில்லை. 1940 டிசம்பர் முதல் 1941 ஜூன் வரை மாதம் ஒருவரோடு மோதினார். ‘மாதம் ஒரு சோப்ளாங்கி’ என்ற பொருளில் பத்திரிகைகள் கேலிப் பெயரே வைத்தன. அந்த வரிசையில் வந்த படி பேர் என்பவர், முதல் ரவுண்டிலேயே லூயிஸைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். கடைசியாக வந்த பில்லி கான் லூயிஸைவிட 10 கிலோவுக்கு மேல் எடை குறைந்தவர். 12 ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களில் இருவரின் கணக்கில் அவரே முன்னிலை. புள்ளிகளில் வெல்லும் வாய்ப்பை விட்டுவிட்டு 13-வது ரவுண்டில் நாக் அவுட்டுக்கு முயன்றார். ரவுண்டு முடிய இரண்டு விநாடி இருக்கும்போது தானே வீழ்த்தப்பட்டார். கேலி வரிசையில் வந்த போட்டி, இன்றும் ஹெவிவெயிட் வரலாற்றின் சிறந்த மோதல்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

இந்தக் காலத்து உதாரணம் மெக்சிகோவின் கனேலோ அல்வாரெஸ். சூப்பர் மிடில்வெயிட் பட்டங்களை வைத்துக்கொண்டு, அதே பிரிவில் வாசலில் நின்ற டேவிட் பெனாவிடெஸை ஏன் சந்திக்கவில்லை என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். பெனாவிடெஸ் காத்திருந்து பார்த்து, 2024-ல் மேல் எடைக்குப் போய்விட்டார். 2025 மே மாதம் ரியாத்தில் கனேலோ சந்தித்த வில்லியம் ஸ்கல் தோல்வியே காணாதவர், ஐபிஎஃப் பெல்ட் வைத்திருந்தவர். ஆனால் அந்த 12 ரவுண்டில் இருவரும் சேர்ந்து வீசியது 445 குத்துகள். கணக்கெடுக்கத் தொடங்கிய நாள் முதல் 12 ரவுண்டு போட்டி ஒன்றில் இதுதான் மிகக் குறைவு. நான்கு மாதம் கழித்து, இரண்டு எடைப் பிரிவு கீழிருந்து ஏறிவந்த டெரன்ஸ் க்ராஃபோர்டு லாஸ் வேகஸில் கனேலோவைப் புள்ளிகளில் வென்றார். எதிராளிகளின் தரம் பற்றி அதுவரை கேட்டவர்கள் வீணாகக் கேட்கவில்லை என்று அன்று தெரிந்தது.

நம் வடசென்னைக்கும் இந்தக் கணக்கு தெரியும். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் மோதிக்கொண்ட காலத்தில், தனக்குத் தோதான எதிராளியைத் தேடிப் பெயர் வாங்குவது நடக்காத காரியம். எதிர்ப் பரம்பரையின் வலுவான ஆளோடு மோதினால்தான் மதிப்பு. சார்பட்டாவின் கித்தேரி முத்துவின் பெயர் இன்றும் சொல்லப்படுவது, ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெர்ரியை அவர் வென்றதை வைத்துத்தான்.

எதை வைத்து எடைபோடுவது?

ஒரு வெற்றியை மதிப்பிட இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. எதிராளியின் கடைசி மூன்று நான்கு போட்டிகள் எப்படி? பழைய பட்டம் பழைய கதைதான்.

2. அவர் இயல்பாக மோதும் எடை எது? கீழிருந்து கூட்டி வந்தவரா, கடைசி நேரத்தில் எடையைக் கடுமையாகக் குறைத்து வந்தவரா?

3. அவருக்கு எவ்வளவு நாள் அவகாசம் கிடைத்தது? ஒருவர் விலகிய இடத்துக்கு இரண்டு வாரத்தில் அழைக்கப்பட்டவர் வேறு, மூன்று மாதம் தயாரானவர் வேறு.

4. அவரைவிடத் தரவரிசையில் மேலே, மோதத் தயாராக யாராவது காத்திருந்தார்களா? இருந்தால், ஒப்பந்தம் எந்தப் பக்கம் முறிந்தது?

5. போட்டி எப்படி நடந்தது? நாக் அவுட் காட்சியை மட்டும் பார்க்காமல் முழு ரவுண்டுகளையும் பாருங்கள்.

இவற்றுக்குப் பதில் தேடாமல் ‘எல்லாம் செட்டப்’ என்று பேசுவது அடி வாங்கியவரின் உழைப்பை அவமதிப்பது. பதில் தெரிந்தும் வெற்றிக் கணக்கை மட்டும் நீட்டுவது ரசிகரை ஏமாற்றுவது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கபடி, வாலிபால் அளவுக்குக் குத்துச்சண்டை இன்னும் பரவவில்லை. வெள்ளிமலையிலோ தியாகதுருகத்திலோ ஒரு பிள்ளை நாளை கையுறை மாட்ட ஆசைப்பட்டால், இந்தப் பாடம் அங்கேயே தொடங்க வேண்டும். முதல் நாளே வலுவானவரோடு மோதவிட்டு ‘தைரியம் வரட்டும்’ என்று சொல்லும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். வயது, எடை, அனுபவம் மூன்றும் பொருந்திய எதிராளியும், மோதலுக்கு முன் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். தலையில் விழும் அடி விஷயத்தில் கூச்சம் பார்க்க வேண்டாம். தொடக்க வீரருக்கு எதிராளியைப் பார்த்துப் பார்த்துத் தேர்வது பயிற்சியாளரின் கடமை.

அதே வீரர் பெல்ட் கட்டிய பிறகும் அப்படியே தேர்ந்துகொண்டிருந்தால் கேள்வி கேட்பது ரசிகரின் உரிமை. இந்த இரண்டு கட்டங்களையும் பிரித்துப் பார்த்துப் பேசினால், விவாதம் விளையாட்டுக்கு நல்லதே செய்யும்.