கப்பலிலிருந்து தவறிய வாத்துகள்

1992 ஜனவரி 10. ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவின் டக்கோமா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த 'எவர் லாரல்' கப்பல் வட பசிபிக்கில் புயலில் சிக்கியது. கடலில் விழுந்த கன்டெய்னர்களில் ஒன்றில் இருந்தவை 28,800 பிளாஸ்டிக் குளியல் பொம்மைகள்: மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு பீவர்.

உப்புநீரில் ஊறி அட்டைப்பெட்டிகள் பிரிந்தன. ஓட்டையில்லாத பொம்மைகள் மிதந்தன. பத்து மாதம் கழித்து, ஏறத்தாழ 3,200 கி.மீ. தள்ளி, அலாஸ்காவின் சிட்கா அருகே முதல் பொம்மைகள் கரை ஒதுங்கின. நாளொன்றுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். சரக்குக் கப்பலுக்கு அந்த 3,200 கி.மீ. நாலு நாள் ஓட்டம்.

கடலாய்வாளர் கர்டிஸ் எப்ஸ்மேயருக்கு இது பெரும் வாய்ப்பு. நீரோட்டத்தை அறிய ஆய்வாளர்கள் வழக்கமாக ஐந்நூறு, ஆயிரம் பாட்டில்களைத்தான் மிதக்கவிடுவார்கள். இங்கோ பல்லாயிரம் பொம்மைகள், செலவில்லாமல்! பொம்மைகள் ஒதுங்கிய இடங்களைச் சக கடலாய்வாளர் ஜேம்ஸ் இங்கிரஹாமின் நீரோட்டக் கணினி மாதிரியோடு ஒப்பிட்டபோது, வட பசிபிக்கின் சுழல் நீரோட்டம் ஒரு சுற்று முடிக்க மூன்று ஆண்டுபோல ஆகிறது என்று தெரிந்தது.

எப்ஸ்மேயரை முதலில் இந்த வேலைக்கு இழுத்தவை ஷூக்கள். 1990 மே மாதம் 'ஹன்சா கேரியர்' கப்பலிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நைக்கி ஷூக்கள் கடலில் கொட்டின. உள்ளே அச்சிட்டிருந்த ஆர்டர் எண், எந்தக் கப்பலின் சரக்கு என்று காட்டிக்கொடுத்தது. இன்னொரு விநோதம்: இடது, வலது ஷூக்களைக் காற்று வெவ்வேறு பக்கம் தள்ளியது, சில கடற்கரைகளில் ஒரு காலுக்கானவையே அதிகம். கண்டெடுத்தவர்கள் ஓரிடத்தில் கூடி, மாற்றிக்கொண்டு ஜோடி சேர்த்தார்கள். கழுவி அணியும் நிலையில்தான் பல ஷூக்கள் இருந்தன.

1997 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' 62 கன்டெய்னர்களை இழந்தது. ஒன்றில் ஏறக்குறைய 48 லட்சம் லெகோ துண்டுகள்; அவற்றில் பல ஆக்டோபஸ், நீச்சல் துடுப்பு என்று கடல் சார்ந்தவையே. மிதப்பவை கரைக்கு வந்தன. மூழ்கியவை இன்றும் மீனவர் வலையில் ஏறுகின்றன.

நம் பக்கமும் இது நடந்திருக்கிறது. 2021-ல் கொழும்பு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' தீப்பிடித்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. 2025 மே 25-ல் கேரளக் கடலில் 'எம்எஸ்சி எல்சா 3' மூழ்கிய சில நாட்களில் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் அத்தகைய மணிகள் ஒதுங்கின. பருப்பளவு மணியில் ஆர்டர் எண் இருக்காது. அடுத்த முறை மணலில் ஒன்று தென்பட்டால், அது எந்தக் கப்பலுடையது, எத்தனை நாள் மிதந்தது என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்லிவிட முடியாது.