மயக்கமும் தேறலும்

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு மயக்கம் என்பது அஞ்சத்தக்க சொல்லன்று. ஒன்றோடொன்று கலத்தலும் அதன் பொருளாம். எந்த மெய் எந்த மெய்யோடு கூடும், எதனோடு கூடாது என வரையறுப்பதை மெய்ம்மயக்கம் என்கிறோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என ஓரியலே வகுத்தார். குடியால் அறிவு கலங்குதலையும் உலகம் இச்சொல்லாலேயே வழங்குகிறது. இவ்விரு மயக்கங்களும் ஒரே மேசையிற் சந்திப்பதைச் சென்ற விடுமுறையிற் கொழும்பிலே கண்டேன்.

என்னிடம் நன்னூல் கற்ற மாணவர் ஒருவர், உல்லாச விடுதிகளில் மது கலந்து பரிமாறும் தொழிலை இன்று புதியோர்க்குக் கற்பிக்கிறார். ஊரிலுள்ள தாயாருக்கோ அது ‘ஹோட்டல் உத்தியோகம்’ என்ற அளவிலேயே தெரியும். “ஐயா, ஒருநாள் வந்து கடைசி வாங்கில் இருந்து பாருங்கள். அம்மாவிடம் இதைச் சொல்லலாமோ என்று பிறகு நீங்களே சொல்லுங்கள்” என்றார். மது தீண்டாத நான் அத்தொடக்க வகுப்பில் மாணாக்கனாய் அமர்ந்தது இவ்வாறுதான்.

பாடம் வரலாற்றோடு தொடங்கிற்று. 1806 இல் நியூயோர்க் மாநிலப் பத்திரிகையொன்று ‘கொக்டெயில்’ என்பதற்கு விளக்கம் தந்தது: மது, சீனி, நீர், கசப்புச்சாறு ஆகிய நான்கின் கலவை. 1862 இல் ஜெரி தோமஸ் என்பார் கலவை முறைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். வழக்கு முந்தியது, நூல் பிந்தியது. நம் இலக்கணத்தின் கதையும் அதுவே.

பின்னர்ச் செய்முறை. போத்தல்களில் இருந்ததெல்லாம் தண்ணீர். ‘ஜிகர்’ எனும் அளவைக் கிண்ணம் உடுக்குப்போல் இடை சிறுத்து இருபுறமும் வாயுடையது. டைக்கிரி என்னும் கலவைக்கு வெண் ரம் 60 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு 20, சீனி இரு சிறு கரண்டி. தண்ணீர்தானே என்று ஒரு பிள்ளை சற்று மிகுதியாய் வார்க்க, ஆசிரியர் அதைக் கொட்டி மீண்டும் அளக்கச் செய்தார். சாறு, முட்டை, பாலாடை சேருமாயின் குலுக்குக. தெளிந்த மதுக்கள் மட்டுமாயின் கரண்டியாற் கலக்குக. குலுக்கினாற் காற்றுக் குமிழி புகுந்து தெளிவு கெடும் என்பது காரணம். பனிக்கட்டி உருகியே குளிர்விப்பதால், அந்நீரும் கலவையின் ஓர் உறுப்பே; அதற்கும் கணக்குண்டு. விதியும் காரணமும் உடையது கல்வியன்றோ?

அளவின் அருமை யாழ்ப்பாணத்தார் அறியாததன்று. பனையிற் கட்டும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர், பூசாவிடிற் கள். முன்னதைக் காய்ச்சினாற் பனங்கட்டியாகும். பின்னதைப் பிளாவில் ஏந்துவர். மரம் ஒன்று, சாறு ஒன்று. இடையிலே சிறிது சுண்ணாம்பு.

இறுதிப் பாடமே என் நெஞ்சில் நின்றது. அது மறுக்கும் பாடம். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி 21 வயது நிரம்பாதார்க்கு மது விற்றலாகாது. நாத்தடுமாறுகின்றவருக்கு மேலும் வாராது, நயமாய்ப் பேசித் தண்ணீர் கொடுத்து, வாகனம் ஓட்டவிடாது அனுப்புதல் வேண்டும். இதனை ஒருவர் குடிகாரராய் நடிக்க, மற்றவர் மறுத்துப் பழகினர். ஆசிரியர் சிரிக்கவில்லை.

பழந்தமிழர் மதுவுக்கு நறவு, மட்டு, தோப்பி, தேறல் எனப் பல பெயரிட்டனர். யவனர் தந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றிற் பாடினார். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரமே வகுத்தார். நான் வள்ளுவர் பக்கத்தவன். தந்தையின் குடியாற் காலையுணவின்றி வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் முகம் கண்டவன் வேறு பக்கம் நிற்றல் இயலாது. ஆயினும், மது விற்கும் இடங்கள் உள்ளவரை, அங்கே நிற்பவன் அளவறியாதவனாயிருத்தல் நன்றோ, அறிந்தவனாயிருத்தல் நன்றோ?

“தாயாரிடம் மறையாது சொல்லுக, இறுதிப் பாடத்தையும் சேர்த்தே சொல்லுக” என்பதே அம்மாணவருக்கு நான் தந்த விடை.

தேறல் என்றால் தெளிந்த மது. தேறுதல் என்றால் தெளிதல்; கல்வியில் வெற்றி பெறுதலும் அதுவே. குடியாதவன் தன்னைக் காக்கிறான். வார்க்கும் இடத்தில் நின்று ‘இனிப் போதும்’ என்று சொல்ல வல்லவன் பிறனையும், அவன் வரவுக்குக் காத்திருக்கும் வீட்டையும் காக்கிறான். அவனையே அத்தொழிலில் தேறியவன் என்பேன்.