சேற்றில் தங்கும் விஷம்

பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் முடியும் இடம் பொம்மசந்திரா. ஓசூர் சாலையில் தொழிற்கூடங்கள் நெருக்கியடிக்கும் பேட்டை. கடல் 200 கி.மீ.க்கு அப்பால். கழிவுநீர் பற்றிப் பேச்சு வந்தால் பக்கத்து ஏரிகளோடு நின்றுவிடும். ஆனால் இந்த வட்டாரத்து நீர் சரிவது தென்பெண்ணைப் பக்கம். தென்பெண்ணை போய்ச் சேருவது கடலூர் அருகே வங்கக்கடலில்.

மாநில எல்லையைத் தாண்டியதுமே அடையாளம் தெரிகிறது. பெங்களூரின் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்த நீர், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் பலமுறை நுரையாகப் பொங்கியிருக்கிறது. நுரை கண்ணுக்குத் தெரியும். அடியில் படிவது தெரியாது. ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு வண்டலாகத் தங்கிவிடுகின்றன. வழியிலுள்ள அணைகள் வண்டலைப் பிடித்து வைக்கின்றன என்பது உண்மை. ஆனால் பெருவெள்ளம் அடிமண்ணையும் வாரிச் செல்லும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது.

கழிமுகத்தில் உப்புநீர் பட்டதும் நுண்துகள்கள் திரண்டு கீழே அமர்கின்றன. புழு, மட்டி, இறால், நண்டு எல்லாம் இரை தேடுவது அந்தச் சேற்றில்தான். மட்டியின் உடலில் காட்மியம் சேர்கிறது. பாதரசமோ சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு, அங்கிருந்து மனிதனுக்கு எனப் படிப்படியாகப் பெருகுகிறது.

கடலூருக்கு ஏற்கெனவே சொந்தச் சுமை உண்டு. உப்பனாற்றங்கரை சிப்காட் ஆலைகளால் பெயர்பெற்ற அந்த ஊர், 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட, கடுமையாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது.

சேற்றில் இறங்கிய விஷத்தை அகற்றுவது எளிதல்ல. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ரசாயன ஆலை ஒன்று பாதரசக் கழிவைக் கொட்டியது. மீன் உண்டவர்களின் நரம்புமண்டலம் சிதைந்தது. நோய் 1956இல் வெளிச்சத்துக்கு வந்தது. 1968இல் கழிவு நின்ற பிறகும் பாதரசம் சேற்றிலேயே கிடந்தது. சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றைக் கையாண்டு, சுத்திகரிப்பு வேலையை முடிக்க 1990 ஆயிற்று.

இங்கோ, கடலடி வண்டலை ஆராய்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, கனடிய அளவுகோல்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆலை வாசலில் எடுக்கும் தண்ணீர் மாதிரி அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். பல வருடக் கணக்கு சேற்றில் இருக்கிறது. கழிமுகத்தில் சேற்றை அள்ளுவதைவிட, பொம்மசந்திராவிலேயே கழிவைச் சுத்திகரிப்பது மலிவு.